ரஹீம் சாஹிப்பின் 4-2-4: ஒரு வாத்தியார் வகுத்த வியூகம்

மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் கால்பந்து பேசாத டீக்கடை கிடையாது. உலகக் கோப்பை வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் பறக்கின்றன. மூட்டை சுமக்கும் தமிழர் வீட்டுப் பிள்ளையும் சரி, மிளகு வியாபாரம் செய்யும் குஜராத்தி சேட்டு வீட்டுப் பிள்ளையும் சரி, 4-4-2 என்றும் 4-3-3 என்றும் எண்களை அடுக்குகிறார்கள். ஆனால் இந்த எண் கணக்கை இந்தியக் கால்பந்துக்குக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் மட்டும் பதில் சுலபமாக வருவதில்லை.

அவர் வெளிநாட்டிலிருந்து வந்த துரை அல்ல. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளில் ஆடிப் புகழ் பெற்றவரும் அல்ல. ஐதராபாத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த சையது அப்துல் ரஹீம்தான் அவர். ஆட்டக்காரர்கள் அவரை ரஹீம் சாஹிப் என்றே அழைத்தார்கள். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. இரண்டு முறையும் பயிற்சியாளர் அவரே. அதற்குப் பிறகு இன்றுவரை அந்தத் தங்கம் இந்தியாவுக்குத் திரும்ப வரவில்லை.

அவருடைய அணிகளில் தமிழர்களும் மலையாளிகளும் தோளோடு தோள் நின்று ஆடினார்கள். ஆகவே கொச்சித் தமிழருக்கு இது அயலூர்க் கதை அல்ல. அவர் வகுத்த வியூகத்தின் பலம் என்ன, பலவீனம் என்ன என்பதை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால்தான், ஒரு காலத்தில் ஆசியாவையே கலக்கிய நாம் பிறகு ஏன் பின்தங்கினோம் என்பதும் விளங்கும்.

சாக்பீஸும் பந்தும்

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17-ல் ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிஜாமின் சமஸ்தானம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். கல்லூரி நாட்களிலேயே நல்ல ஆட்டக்காரர் என்ற பெயர் இருந்தது. படிப்பு முடிந்ததும் ஆசிரியர் வேலைக்குப் போனார். நகரத்தின் பல பள்ளிகளில் பணிபுரிந்தார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியிலும் சான்றிதழ் பெற்றார்.

1940களில் ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையும் அவரைத் தேடி வந்தது. அந்த அணியை அவர் எப்படி ஆக்கினார் என்பதற்குச் சான்று வெற்றிப் பட்டியல்தான். பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை ஐதராபாத் சிட்டி போலீஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் வென்றது. அப்போது டெல்லியில் நடந்த டூரண்ட் கோப்பையும் ஒரு முறைக்கு மேல் ஐதராபாத்துக்கு வந்தது. பணமும் கூட்டமும் கல்கத்தாவில் இருந்த காலத்தில், தெற்கே ஒரு போலீஸ் அணி இப்படி எழுந்தது பலருக்கும் வியப்பாக இருந்தது.

அதன் ரகசியம் வாத்தியாரின் பாடத்திட்டத்தில் இருந்தது. வகுப்பில் கணக்குக்குத் தனிப் பாடம், இலக்கணத்துக்குத் தனிப் பாடம் என்று இருப்பதுபோல, கால்பந்தின் ஒவ்வொரு திறமைக்கும் அவர் தனிப் பாடம் வைத்தார். பந்தைத் தட்டிக்கொண்டு தனியாக ஓடுவதற்குத் தடை விதித்துச் சில போட்டிகளை நடத்தினார். பந்து காலுக்கு வந்ததும் அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும். பழக்கமான காலால் உதைக்கக் கூடாது, மற்றக் காலால்தான் உதைக்க வேண்டும் என்று இன்னொரு வகைப் போட்டி. வலது கால் ஆட்டக்காரன் அன்று முழுவதும் இடது காலால் திண்டாடுவான். சில மாதங்களில் அவனுக்கு இரண்டு காலும் ஒன்றாகிவிடும்.

இவற்றுக்கு வெளிநாட்டுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பந்தும் ஒரு மைதானமும் ஒரு விதியும் போதுமாக இருந்தன. ஐதராபாத் பையன்கள் பெரும்பாலும் உயரம் குறைந்தவர்கள், ஒல்லியானவர்கள். உயரப் பந்துக்குத் தாவி மோதினால் தோற்பார்கள். பந்தைத் தரையோடு வைத்து விரைவாகக் கைமாற்றினால் ஜெயிப்பார்கள். ரஹீம் முதலில் ஆட்களைப் பார்த்தார். அதன் பிறகுதான் வியூகத்தை யோசித்தார்.

பழைய முறைகள்

ரஹீம் செய்த மாற்றம் புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய முறைகளைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் நெடுங்காலம் ஆடப்பட்டது 2-3-5 முறை. பின்னால் 2 பேக், நடுவில் 3 ஹாஃப், முன்னால் 5 ஃபார்வர்டு. எல்லோரும் முன்னேறித் தாக்கும் ஆட்டம் அது. 1925-ல் ஆஃப்சைடு விதி மாறியது. அதுவரை ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் 3 பேர் இருக்க வேண்டும் என்றிருந்தது. 2 பேர் போதும் என்று ஆக்கினார்கள். கோல்கள் குவிந்தன. இதற்கு மாற்றாக இங்கிலாந்தில் ஆர்சனல் அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், நடு ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது பேக்காக நிறுத்தினார். அவரைத்தான் ஸ்டாப்பர் என்கிறோம். முன்வரிசையிலும் 2 பேர் சற்றுப் பின்னால் வந்தார்கள். மேலிருந்து பார்த்தால் முன்பாதி ஆங்கில எழுத்து டபிள்யூ போலவும் பின்பாதி எம் போலவும் தெரியும். ஆகவே டபிள்யூ-எம் முறை என்று பெயர் வந்தது.

இதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எதிராளி உண்டு. அவனை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் வேலை. ஒழுங்கான முறைதான். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எதிரணியின் சென்டர் ஃபார்வர்டு தன் இடத்தில் நிற்காமல் நடுமைதானத்துக்குப் போய்விட்டால் ஸ்டாப்பர் என்ன செய்வது? அவன் பின்னாலேயே போனால் கோல் முன்னால் வெற்றிடம். போகாமல் நின்றால் அவன் தடையின்றிப் பந்து வாங்கி ஆட்டத்தை நடத்துவான்.

இந்த ஓட்டையை உலகத்துக்குக் காட்டியவர்கள் ஹங்கேரிக்காரர்கள். 1953 நவம்பரில் லண்டன் வெம்பிளியில் இங்கிலாந்தை அவர்கள் 6-3 என்று தோற்கடித்தார்கள். பின்வாங்கி ஆடிய ஹிடெக்குட்டி ஒருவரே 3 கோல் போட்டார்.

ஹெல்சிங்கி கொடுத்த அடி

1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ரஹீமின் பயிற்சியில் இந்தியா இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்றது. கோல் போட்டவர் மேவாலால். கேப்டன் சைலன் மன்னா. நாடே கொண்டாடியது.

அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோல்வி. நம்மவர்களில் பலர் வெறுங்காலில் ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆயிற்று. பத்திரிகைகளும் ரசிகர்களும் பூட்ஸைப் பற்றியே பேசினார்கள். ஆனால் குறை காலணியில் மட்டும் இல்லை. ஆள் நிறுத்தும் முறையிலும் நாம் வெகு தூரம் பின்னால் இருந்தோம். அதே ஹெல்சிங்கியில் தங்கம் வாங்கியது ஹங்கேரி. ரஹீமின் சிந்தனையில் ஹங்கேரி பாணியின் செல்வாக்கு அதன் பிறகு தெளிவாகத் தெரிந்தது.

1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக். ஹங்கேரி விலகிக்கொண்டதால் முதல் சுற்றில் இந்தியாவுக்கு ஆட்டமில்லை. அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா 3 கோல். இன்னொரு கோல் போட்டவர் கிட்டு என்று அழைக்கப்பட்ட தமிழர் கிருஷ்ணசாமி. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியாதான்.

அரையிறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியா. இரண்டாவது பாதியில் நெவில் போட்ட கோலால் இந்தியா முன்னிலை பெற்றது. ஆனால் அதன் பிறகு 4 கோல் வாங்கி 1-4 என்று தோற்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. நான்காவது இடம். 4 ஆண்டுகளுக்கு முன் 10 கோல் வாங்கிய நாட்டுக்கு எதிராக ஒரு கட்டத்தில் முன்னிலை பெற்றதே பெரிய வளர்ச்சி. ஆனால் அந்த 4 கோல்களும் ஆட்டத்தின் பிற்பகுதியில் விழுந்தன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

4-2-4 என்றால் என்ன?

1958-ல் ஸ்வீடனில் பிரேசில் உலகக் கோப்பையை வென்றபோது 4-2-4 என்ற பெயர் உலகம் முழுவதும் பரவியது. ரஹீம் அந்தக் கருத்தை இந்திய அணிக்குள் கொண்டு வந்தார்.

பின்னால் 4 பேர். இருவர் நடுவில் ஸ்டாப்பர்கள், இருவர் ஓரங்களில். நடுவில் 2 ஹாஃப்கள். முன்னால் 4 பேர். அதில் இருவர் ஓரங்களில் ஓடும் விங்கர்கள், இருவர் கோலை நோக்கிப் போகும் ஃபார்வர்டுகள்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் முன்பு வள்ளங்களிலிருந்து மூட்டை இறக்கிய காலத்தை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். வள்ளத்தில் மூட்டையைத் தூக்கிவிட 4 பேர். குடோனில் வாங்கி அடுக்க 4 பேர். நடுவே சுமந்து போக 2 பேர். தூக்கிவிடுபவர்களும் அடுக்குபவர்களும் சேர்ந்துகொண்டால் வேலை மளமளவென்று நடக்கும். ஆனால் மொத்தப் பாரமும் அந்த நடு ஆட்கள் இருவரின் முதுகில்தான்.

வியூகத்தின் பலம்

முதல் பலம், கோல் முன்னால் 2 ஸ்டாப்பர்கள். ஹங்கேரி கண்டுபிடித்த ஓட்டை இதில் அடைபட்டது. ஒருவர் எதிரியைத் துரத்திப் போனால் இன்னொருவர் இடத்தைக் காப்பார். பஞ்சாபைச் சேர்ந்த ஜர்னைல் சிங்கும் வங்காளத்தின் அருண் கோஷும் இந்த இணைக்குப் பொருத்தமாக அமைந்தார்கள். ஜர்னைல் முரட்டுத் தடுப்பு. அருண் கோஷ் நிதானம்.

இரண்டாவது பலம், ஓரங்கள். வலது ஓரத்தில் பி.கே. பானர்ஜி போன்ற வேகமான விங்கர் ஓடினால் எதிரணி பேக்குகள் விரிந்தாக வேண்டும். விரிந்தால் நடுவில் வழி திறக்கும். அந்த வழியில் சுனி கோஸ்வாமி நுழைவார். உயரத்தையும் உடல்பலத்தையும் நம்பாமல் கோல் போட நம்மவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

மூன்றாவது பலம், அது ரஹீமின் பள்ளிப் பாடத்தோடு ஒட்டியது. தனியாகத் தட்டிக்கொண்டு ஓடாதே என்ற போட்டியும், மற்றக் காலால் உதை என்ற போட்டியும் வீணாகவில்லை. நடுவில் 2 பேரே இருப்பதால் பந்தை அங்கே வைத்துக்கொண்டு விளையாட நேரம் கிடையாது. வாங்கியதும் கொடுக்க வேண்டும், எந்தக் காலுக்கு வந்தாலும் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அப்படிப் பழகியவர்களுக்கு இந்த வியூகம் சட்டை தைத்ததுபோல் பொருந்தியது.

வியூகத்தின் பலவீனம்

பலவீனமும் அதே நடுமைதானத்தில்தான் இருந்தது. எதிரணி நடுவில் 3 பேரை நிறுத்தினால் நம் இருவர் எண்ணிக்கையிலேயே தோற்றார்கள். முன்னால் நிற்கும் நால்வர் பந்து போனதும் பின்னுக்கு ஓடி வராவிட்டால் அந்த இருவரும் தனியாகத் தவிப்பார்கள். சுமக்கிற இருவரும் களைத்த பிறகு வள்ளத்தில் 4 பேர் இருந்தும் பயனில்லை, குடோனில் 4 பேர் இருந்தும் பயனில்லை.

பிரேசிலே இதை உணர்ந்தது. இடது ஓரத்தில் ஆடிய ஸகாலோ அடிக்கடி நடுவுக்கு இறங்கி வந்து மூன்றாவது ஆளாக உதவினார். 1962-ல் சிலியில் பிரேசில் மறுபடியும் உலகக் கோப்பை வென்றபோது அது கிட்டத்தட்ட 4-3-3 ஆகவே மாறியிருந்தது.

நமக்கு இன்னொரு தனிக் கஷ்டமும் இருந்தது. அந்நாளில் உள்நாட்டுப் போட்டிகளில் ஆட்ட நேரம் பொதுவாக 70 நிமிடம். சர்வதேச ஆட்டம் 90 நிமிடம். ஆண்டு முழுவதும் 70 நிமிடத்துக்குப் பழகிய கால்கள், கடைசி 20 நிமிடத்தில் எதை வைத்து ஓடும்? நடுவில் ஓடி ஓடி உழைக்கும் ஹாஃப்களுக்குத்தான் இது முதலில் தெரியும்.

1960 ரோம் ஒலிம்பிக்கைப் பாருங்கள். ஹங்கேரியிடம் 1-2 என்று கௌரவமான தோல்வி. அடுத்து பிரான்சுக்கு எதிராகக் கேப்டன் பி.கே. பானர்ஜி கோல் போட்டு இந்தியா முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய 10 நிமிடம்கூட இல்லாத நேரத்தில் பிரான்ஸ் சமன் செய்தது. 1-1. பெருவிடம் 1-3 என்று தோற்று இந்தியா வெளியேறியது. மெல்போர்னிலும் பிற்பகுதியில்தான் சரிவு வந்தது. எல்லாவற்றுக்கும் களைப்பு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பிற்பகுதியில் தளர்வது நம் அணியின் வழக்கமாகவே இருந்தது.

தமிழர் பங்கு

ரஹீம் ஆட்களைத் தேர்ந்தெடுத்ததில் ஊர் பார்க்கவில்லை, மொழி பார்க்கவில்லை. அவருடைய அணியின் தூணாக விளங்கிய துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் அருகே அம்முகூடா என்ற இடத்தில் குடியேறியிருந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வந்து போகப் பையனிடம் காசில்லை. ரஹீம் வாடகை சைக்கிளுக்குப் பணம் கொடுத்து வரவழைத்தார். ஃபார்வர்டாக இருந்தும் பந்து போனால் பின்னுக்கு ஓடி வந்து உதவும் குணம் பலராமுக்கு உண்டு. 4-2-4 வியூகத்தின் நடு ஓட்டையை அடைக்க அப்படிப்பட்ட ஓர் ஆள் எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பலராம் 2023-ல் காலமானார்.

கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ், தஞ்சாவூரில் பிறந்த சைமன் சுந்தர்ராஜ், பெங்களூர்ப் பக்கத்து அருமைநாயகம் என்று இன்னும் பலர் அவரிடம் ஆடினார்கள். கேரளத்திலிருந்து டி.ஏ. ரஹ்மான், எஸ்.எஸ். நாராயணன், இரிஞ்ஞாலக்குடா ஓ. சந்திரசேகரன் ஆகியோர் வந்தார்கள். சந்திரசேகரன் 2021-ல் கொச்சியில் காலமானார்.

தன் மகனுக்கும் ரஹீம் தனிச் சலுகை காட்டவில்லை. மகன் ஷாஹித் ஹக்கீம் ரோம் ஒலிம்பிக் அணியில் இடம் பெற்றிருந்தார். ஆனால் ஓர் ஆட்டத்திலும் களமிறக்கப்படவில்லை.

ஜகார்த்தா

1962 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு தொடங்கியபோது ரஹீமின் உடல்நிலை நன்றாக இல்லை. நுரையீரல் நோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

சூழ்நிலையும் சரியில்லை. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா இடம் கொடுக்கவில்லை. இதை இந்திய விளையாட்டு நிர்வாகி குரு தத் சோந்தி எதிர்த்துப் பேசினார். அதனால் ஜகார்த்தா மக்கள் இந்தியர்கள்மேல் கோபம் கொண்டார்கள். இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. மைதானத்தில் நம் அணி கால் வைத்தாலே கூச்சல் எழுந்தது.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். ஆனால் அதில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த காயம். தையல் போட வேண்டியிருந்தது. ஜப்பானை அவர் இல்லாமலேயே 2-0 என்று வென்றார்கள்.

அரையிறுதிக்கு முன் ரஹீமுக்கு ஒரு சிக்கல். ஜர்னைல் ஆட விரும்பினார். ஆனால் தையல் போட்ட தலையோடு ஸ்டாப்பராக நின்று, வருகிற பந்தையெல்லாம் தலையால் முட்டித் தடுக்க முடியாது. வியூகத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிறவராக இருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் வேறு முடிவு எடுத்தார். ஜர்னைல் இளம் வயதில் முன்வரிசையில் ஆடியவர் என்பதை நினைவில் வைத்திருந்தார். அவரைச் சென்டர் ஃபார்வர்டாக அனுப்பினார். பின்களத்தை அருண் கோஷ், சந்திரசேகரன், திரிலோக் சிங் ஆகியோரிடம் ஒப்படைத்தார்.

தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். இந்தியா 3-2 என்று வென்றது. 3 கோல் போட்டும் 2 கோல் வாங்கியதில் வியூகத்தின் இரண்டு பக்கமும் தெரிகிறது. முன்னால் கூர்மை கூடியது, பின்னால் காவல் குறைந்தது. ரஹீம் அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தார்.

செப்டம்பர் 4. இறுதி ஆட்டம். எதிரில் மறுபடியும் தென் கொரியா. மைதானத்தில் ஏறக்குறைய 1 லட்சம் பேர். முந்தைய இரவு ரஹீம் ஆட்டக்காரர்களைக் கூட்டி, அந்தத் தங்கத்தைத் தனக்குப் பரிசாகத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் கேட்டது அதிகம் இல்லை. கேட்கிறவர் நோயாளி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காய்ச்சலில் படுத்திருந்த தங்கராஜ் அன்று கோல் காக்க வந்தார்.

17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். அடுத்த 3 நிமிடத்தில், முதல் ஆட்டத்தில் கொரியர்கள் ஸ்டாப்பராகப் பார்த்த அதே ஜர்னைல், முன்வரிசையிலிருந்து இன்னொரு கோல் போட்டார். முடிவை நெருங்கும்போது கொரியா ஒரு கோல் திருப்பியது. வழக்கமான கடைசி நேரச் சோதனை. ஆனால் இந்த முறை நம்மவர்கள் தாங்கிக்கொண்டார்கள். 2-1. இந்தியாவுக்குத் தங்கம். 9 நாட்களுக்கு முன் தோற்ற அணியை, ஆட்களை இடம் மாற்றி நிறுத்தி வென்றார் ரஹீம்.

வாத்தியாருக்குப் பிறகு

ஜகார்த்தாவிலிருந்து திரும்பி ஓராண்டுகூட ஆகவில்லை. 1963 ஜூன் 11-ல் ரஹீம் புற்றுநோயால் காலமானார். வயது 53.

அவருக்குப் பிறகு 1964-ல் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அந்த அணிக்குக் கேப்டன் ஐதராபாத்தின் நயீமுதீன். பயிற்சியாளர்களில் ஒருவர் பி.கே. பானர்ஜி. ரஹீம் ஏற்றிய விளக்கின் வெளிச்சம் அதுவரை எட்டியது என்று சொல்லலாம். 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா தகுதி பெறவே இல்லை.

காரணம் என்ன? 4-2-4 என்ற எண்ணை எல்லாக் கிளப்புகளும் எடுத்துக்கொண்டன. எண்ணை எடுப்பது சுலபம். கரும்பலகையில் எழுதினால் போதும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த மற்றக் கால் பயிற்சியையும், கைமாற்றும் பயிற்சியையும், ஆளைப் பார்த்து இடம் கொடுக்கும் கண்ணையும் யாரும் அதே அக்கறையோடு எடுத்துக்கொள்ளவில்லை. ரஹீமின் முறையில் இருந்த மிகப் பெரிய பலவீனம் நடுமைதானம் அல்ல. அது ஒரே ஒரு மனிதரைச் சார்ந்திருந்தது என்பதுதான். அவர் பள்ளி ஆசிரியர். ஆனால் அவருடைய பாடத்தைத் தொடர்ந்து நடத்த அவருக்கு நிகரான இன்னொரு ஆசிரியரை நாடு தயார் செய்து வைக்கவில்லை.

நாடு அவரை நினைத்ததும் தாமதமாகத்தான். சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது 1985-ல்தான் ஏற்பட்டது. கால்பந்துக்கு முதலில் 1990-ல் அதைப் பெற்றவர் நயீமுதீன். 2024-ல் அஜய் தேவ்கன் நடித்த மைதான் என்ற இந்திப் படம் வந்த பிறகே ரஹீம் என்ற பெயர் பல இளைஞர்களுக்கு அறிமுகமானது.

எர்ணாகுளத்தில் விளைந்த பயிர்

ஆனாலும் விதை முற்றிலும் வீண் போகவில்லை. அதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு.

1973 டிசம்பர் 27. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம். ரயில்வே அணியைக் கேரளம் 3-2 என்று வென்றது. 3 கோலையும் போட்டவர் கேப்டன் மணி. கேரளம் அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. அந்த வெற்றியை மலையாளிகள் இன்றும் பேசுகிறார்கள். அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் தஞ்சாவூர்த் தமிழர் சைமன் சுந்தர்ராஜ். 1960-ல் ரோம் ஒலிம்பிக்குக்கு ரஹீம் அழைத்துச் சென்ற அதே சைமன். ஐதராபாத் வாத்தியாரின் மாணவர் ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து வந்து, கேரளத்துப் பிள்ளைகளுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்திலும் வெளி மைதானத்திலும் மாலையில் பந்து உதைக்கும் பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 4-2-4 வியூகம் இனித் தேவைப்படாது. உலகம் அதைத் தாண்டி வெகு தூரம் போய்விட்டது. ஆனால் மற்றக் காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டியை எந்த ஞாயிற்றுக்கிழமையும் நடத்திப் பார்க்கலாம். ஊர்ப் பெரியவர்கள் இருவர் விதியைக் கவனித்துக்கொண்டால் போதும். ரஹீம் சாஹிப் ஐதராபாத்தில் தொடங்கியதும் இந்த அளவில்தான்.